கடைசி வரிசைக்கு ஒரு லென்ஸ்

கழுத்தில் பால்பவுடர் டின் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு மூலக்குளம் கடைத்தெருவில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார் கலைவாணன். டின்னுக்குள் ஒன்றரைக் கிலோ அரிசி. நடுநடுவே அதை இரு கையாலும் தூக்கிக் கண்ணுக்கு நேரே பிடித்து, மூச்சை அடக்கி, ஆடாமல் அசையாமல் நின்றார். காய்க்காரம்மா பாரதி முதலில் பயந்துதான் போனாள். அப்புறம் பழகிவிட்டது.

"இன்னாண்ணா, இன்னிக்குக் கை நடுங்கல போல?"

"கை நடுங்கல. கழுத்துதான் கழண்டு போவுது" என்றார் இவர், பெருமையாக.

கல்யாணப் போட்டோகிராபர். புது லென்ஸ் வாங்குமுன் அதன் எடையைச் சில நாள் சுமந்து பார்ப்பது இவர் வழக்கம். ஊரெல்லாம் யூடியூப் பார்த்து லென்ஸ் வாங்கும். இவர் மளிகைச் சாமானை வைத்து வாங்குவார். மனைவி சரிதாவும் கேமராக்காரிதான். கல்யாணங்களில் இரண்டாவது கேமரா அவளுடையது. "அந்த அரிசிய உலைல போடலாமா, இல்ல இன்னும் கழுத்துலதான் தொங்கணுமா?" என்று தினமும் காலையில் கேட்பாள்.

இந்தத் தடவை கூத்துக்கெல்லாம் காரணம் பூர்ணிமா என்கிற கல்யாணப் பெண். அப்பா இல்லாதவள். கல்யாணப் படம் பற்றிப் பேச வந்தவள், கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னாள்.

"அண்ணா, தாலி கட்டுற நேரத்துல எங்கம்மா மூஞ்சி எனக்கு வேணும். மேடைக்கு வர மாட்டாங்க, கடைசி வரிசைலதான் உக்காருவாங்க. நீங்க கேமராவோட கிட்ட போனீங்கன்னா எழுந்து சமையக்கட்டுக்குப் போயிடுவாங்க."

புருஷனை இழந்தவள் மணமேடை ஏறக் கூடாது என்று அம்மா அஞ்சலாட்சியிடம் யாருமே சொல்லவில்லையாம். அவளாகவே முடிவு கட்டிக்கொண்டாளாம். அதைக் கேட்டதிலிருந்து கலைவாணனுக்குச் சோறு இறங்கவில்லை. தவறவிட்டால் தாலியை இன்னொரு தரம் கட்டச் சொல்லவா முடியும்?

கேமராக் கடையில் இரண்டு ஜூம் லென்ஸ் இருந்தன. ஒன்று கனமே இல்லை, வெகுதூரம் எட்டும். கடைக்காரர் தேவதாஸ் அதைத்தான் தலையில் கட்டப் பார்த்தார். "தெருக்கோடி போர்டு எப்டி தெரியுது பாருங்க சார்!"

"உச்சி வெயில்ல எவன்யா தாலி கட்றான்?" என்ற கலைவாணன், கடை ஷட்டரைப் பாதி இறக்கச் சொல்லி, தேவதாஸையே இருட்டு மூலையில் உட்காரவைத்து எடுத்தார். அந்த லென்ஸில் தேவதாஸ் கலங்கிய குட்டையாக இருந்தார். கனமான லென்ஸ் அவ்வளவு தூரம் எட்டாது. ஆனால் அதில் மீசை நரைகூடத் தெரிந்தது. பிளாஷ் தேவையில்லை. பிளாஷ் அடித்தால் அஞ்சலாட்சி உஷாராகிவிடுவாளே! கனமானதையே எடுப்பது என்று முடிவானது. அதற்குத்தான் அந்த அரிசி டின்.

முகூர்த்தம் தவளக்குப்பத்து மண்டபத்தில். கெட்டிமேளம் முழங்க, சனம் மொத்தமும் அட்சதையோடு எழுந்து நின்றது. கலைவாணன் மேடை ஓரத்தில் ஸ்டூல் போட்டு ஏறி, மணமக்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

மாப்பிள்ளையின் மாமா தணிகாசலத்துக்குப் பொறுக்கவில்லை. "யோவ் போட்டோக்காரரே! தாலி இங்க கட்றாங்கய்யா!"

"அத சரிதா பாத்துக்குவா" என்றார் இவர், திரும்பாமலே.

லென்ஸுக்குள் அஞ்சலாட்சி. கடைசி வரிசையில் தூணை ஒட்டி நின்றிருந்தாள். கையிலிருந்த அட்சதையை எட்டி வீசினாள். அது முன்னால் கிடந்த காலி நாற்காலிகளிலேயே விழுந்தது. அதைப் பார்த்து அவளுக்கே சிரிப்பு வந்தது, கண்ணிலோ தண்ணீர் நிற்கவில்லை. கலைவாணன் எடுத்துவிட்டார். கை ஆடவில்லை; பாழாய்ப்போன கண்தான் மறைத்தது.

ஸ்டூலிலிருந்து இறங்கி, கேமராத் திரையைப் பூர்ணிமாவிடம் நீட்டினார். அவள் பார்த்தாள். மாலையும் கழுத்துமாக எழுந்துவிட்டாள். "எங்க போறம்மா?" என்று மாமியார் பதறுவதற்குள் படியிறங்கிக் கடைசி வரிசைக்கே போய் அம்மாவின் கையைப் பிடித்தாள்.

"வேணாண்டி..."

"வாம்மா நீ!"

கூட்டம் விலகி வழிவிட, அம்மாவும் பெண்ணும் மேடையை நோக்கி வந்தார்கள்.

கலைவாணன் கனத்த லென்ஸை மளமளவென்று கழற்றிப் பையில் போட்டுவிட்டு, கிட்டத்தில் எடுக்கும் சின்ன லென்ஸை மாட்டிக்கொண்டு நின்றார்.