ஹாரன் அக்கா படித்த படிப்பு

டிப்போவில் அவளை எல்லோரும் ஹாரன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஹாரன் அடிக்கவே மாட்டாள் என்பதால் வந்த பெயர். சாலை நடுவில் நாய் படுத்திருந்தால் மற்ற ஓட்டுநர்கள் காது கிழிய அடிப்பார்கள். இவள் பஸ்ஸை நிறுத்தி, இறங்கி, அது ஏன் எழுந்திருக்கவில்லை என்று பார்த்துவிட்டுத்தான் வருவாள். பின்னால் பயணிகள் முணுமுணுப்பார்கள். டிப்போ மேலாளர் கூப்பிட்டுத் திட்டுவார்.

"உன்ன பஸ் ஓட்டச் சொன்னா, நீ நாய்க்கு நாடி புடிச்சிட்டு வர்றியே!"

அவள் ஓட்டிய தடத்தின் கடைசி நிறுத்தம் கால்நடை மருத்துவக் கல்லூரி வாசல். வெள்ளைக் கோட்டைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சாண வாசனையோடு பிள்ளைகள் ஏறுவார்கள். பஸ் கிளம்ப நேரமிருக்கும். அவள் ஓட்டுநர் இருக்கையிலிருந்து திரும்பி உட்கார்ந்து, பசுவுக்கு எத்தனை வயிறு, பூனைக்கு ஏன் காய்ச்சல் மாத்திரை ஆகாது என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். பிள்ளைகளும் சலிக்காமல் சொல்வார்கள். பரீட்சைக்கு முன்னால் அவளிடம் ஒப்பித்துப் பார்க்கும் பிள்ளைகள்கூட இருந்தார்கள்.

அப்படி ஒப்பித்த ஒரு பெண்தான் ஒருநாள் சொன்னாள்: "அக்கா, வேலைக்குப் போனவங்களுக்குன்னு இங்க தனியா சில சீட் இருக்கு. நீங்க எழுதலாமே?"

அவள் சிரித்துத் தள்ளிவிட்டாள். ஆனால் அந்தப் பேச்சு தள்ளிய இடத்தில் நிற்கவில்லை. பள்ளியில் அறிவியலில் அவளைத் தாண்டி யாரும் மதிப்பெண் வாங்கியதில்லை. அப்பா படுக்கையில் விழுந்ததும் படிப்பு நின்றது. முதலில் லாரி, பிறகு பஸ் என்று வாழ்க்கை ஓடிவிட்டது. இப்போது வயது முப்பதைத் தாண்டி, பள்ளிக்குப் போகும் மகளும் இருந்தாள். மகளோடு உட்கார்ந்து அவளும் படித்தாள். முதல் தடவை நுழைவுத் தேர்வில் மயிரிழையில் கோட்டைவிட்டாள். இரண்டாம் தடவை கிடைத்துவிட்டது.

அவள் கணவன் ஃபிரிட்ஜ் மெக்கானிக். வீட்டின் முன்னறைதான் கடை. செய்தியைச் சொன்னபோது ஒரு பழைய ஃபிரிட்ஜின் பின்பக்கம் தலையை விட்டுக்கொண்டிருந்தான்.

"ஃபீஸ் எவ்வளவு?" என்றது ஃபிரிட்ஜுக்குள்ளிருந்து வந்த குரல்.

சொன்னாள். தலை வெளியே வந்தது.

"சரி, ஒரு டீ போடு, உக்காந்து யோசிப்போம்" என்றவன், அவள் நகர்வதற்குள் எழுந்துவிட்டான். "வேணாம், நீ உக்காரு. நானே போடுறேன். இனிமே பழகிக்கணும்ல."

யோசித்ததில் ஒரு வழி தெரிந்தது. வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு அரசு தரும் மானியம் கட்டணத்தில் பாதியை ஏற்கும். அதைத் திருப்பிக் கட்ட வேண்டாம். மீதிப் பாதிக்குக் கல்விக் கடன். படித்து முடித்து ஒரு வருடம் கழித்துத் தவணை தொடங்கும். சனி, ஞாயிறு பஸ் ஓட்டினால் வீட்டுச் செலவுக்கு ஆயிற்று. கடனுக்கு மட்டும் ஜாமீன் கையெழுத்து வேண்டும் என்றார்கள். தையல் கடை வைத்திருந்த அவளுடைய அக்கா, கழுத்தில் அளவு நாடா தொங்க அப்படியே கிளம்பி வந்தாள்.

பேங்க் மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்த வயசுல ஆரம்பிக்கிறாங்க. பாதில விட்டுட்டா நாங்க யாரப் போய்ப் புடிக்கிறது?"

"சார், உங்க பேங்க் ஆளுங்க எதுல வேலைக்கு வர்றாங்க?" என்று கேட்டாள் அக்கா.

"பஸ்லதான்."

"அத ஓட்டுறவ இவதான். தினம் உயிரையே இவ கைல குடுத்துட்டு உக்காந்து தூங்கிட்டு வர்றாங்க. உயிர நம்பிக் குடுக்கலாம், பணத்த நம்பிக் குடுக்கக்கூடாதா?"

மேனேஜர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. கையெழுத்து ஆனது. வெளியே வந்ததும் அக்காவின் முகம் மாறிவிட்டது. "அடியே, நான் பேசிட்டேன். நீ பாதில நின்னா என் தையல் மெஷினத் தூக்கிட்டுப் போயிடுவாங்க, தெரியும்ல?"

முதல் வருடம் முழி பிதுங்கியது. கூடப் படித்தவர்களுக்கு ஒரு தடவை கேட்டால் போதும். இவளுக்குப் பத்துத் தடவை படித்தாலும் மறுநாள் காற்றோடு போய்விடும். குதிரையின் கால் எலும்புகளைச் சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம் விரல்விட்டு ஒப்பித்தாள். மாடு, ஆடு, நாய் எதற்கும் அவள் பயப்படவில்லை. கோழிதான் அவளை அடக்கியது. பண்ணை வகுப்பில் ஒரு சேவல் பறந்து வந்து கன்னத்தில் கொத்தியதிலிருந்து, இறக்கை படபடத்தாலே இரண்டடி பின்னால் போய்விடுவாள். ஆனாலும் எல்லாப் பாடத்திலும் தேறினாள்.

இரண்டாம் வருடத் தொடக்கத்தில் மானியம் வரவில்லை. கல்லூரியின் உதவித்தொகை அலுவலகத்துக்குப் போனாள். அங்கே இருந்த அதிகாரிக்குப் பூனை முடி ஒத்துக்கொள்ளாது. மாணவர்கள் உள்ளே வந்தாலே தும்மல் வரும். தும்மிக்கொண்டே கணினியைப் பார்த்தார்.

"வருமான வரம்பத் தாண்டிட்டீங்கம்மா."

"நானா? எப்படி சார்?"

"வார கடைசில பஸ் ஓட்டுறீங்கள்ல? விடுமுறை நாள்னு கூடுதல் சம்பளம் போட்டிருக்காங்க. அதனால கோட்டுக்கு அந்தப் பக்கம் போயிட்டீங்க. கொஞ்சந்தான்."

"சும்மா வீட்ல இருந்திருந்தா பணம் வந்திருக்கும். உழைச்சதால வராதுன்னு சொல்றீங்களா?"

அவருக்கே சங்கடமாக இருந்தது. "நான் சட்டம் போடலம்மா. அடுத்த வருஷம் திரும்ப எழுதுங்க, கெடைக்கும். இந்த வருஷத்துக்குத்தான்..." என்று இழுத்தவர், மறுபடி ஒரு தும்மல் போட்டுவிட்டுச் சொன்னார். "ஒண்ணு இருக்கு. கோழிப் பண்ணை வச்சிருந்த ஒரு அம்மா, திடீர்னு கஷ்டத்துல மாட்டுற பிள்ளைங்களுக்குன்னு வருஷா வருஷம் ஒரு உதவித்தொகை தர்றாங்க. நேர்ல பாத்துப் பேசித்தான் குடுப்பாங்க. நமக்கெங்க கெடைக்கப் போகுதுன்னு நெனச்சு பாதிப் பேர் கேக்குறதே இல்ல."

அவள் தலையாட்டிவிட்டு வந்துவிட்டாள். கேட்பதாக இல்லை. அரசு மானியம் சட்டப்படி வருவது, கடன் திருப்பிக் கட்டுவது. ஒருத்தர் எதிரில் உட்கார்ந்து என் கஷ்டத்தைப் பாருங்கள் என்று சொல்வதற்கு அவளுக்கு உடம்பே கூசியது.

வீட்டுக்கு வந்தபோது வாசலில் புதிதாக ஒருவர், கணவன் ஃபிரிட்ஜ் ஏற்றிப் போகும் வேனைச் சுற்றிச் சுற்றி வந்து டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். விஷயம் புரிந்தது. மானியம் வரவில்லை என்று காலையிலேயே அவனிடம் போனில் அழுதுவிட்டுத்தான் அலுவலகத்துக்குப் போயிருந்தாள். இவன் அதற்குள் ஆள் பார்த்துவிட்டான்.

அவர் போனதும் பிடித்துக்கொண்டாள். "வேன வித்துட்டு? ஃபிரிட்ஜ தலைல தூக்கிட்டுப் போவீங்களா?"

"அத அப்புறம் பாத்துக்கலாம்."

"வேணாங்க. நான் படிப்ப நிறுத்திடுறேன். முழு நேரமா பஸ்ஸுக்கே போயிடுறேன்."

"நிறுத்து" என்றான். அவன் குரல் உயர்ந்து அவள் கேட்டதில்லை. "நிறுத்திட்டு, வாங்கின கடன எதக் கொண்டு கட்டுவ? உங்க அக்கா மெஷினக் குடுத்தா?"

அவள் அலுவலகத்தில் கேட்டதை அரைகுறையாகச் சொன்னாள். அவனுக்கு வந்ததே கோபம்.

"இத இப்பதான் சொல்றியா? நான் பொழப்புக்கு வச்சிருக்கிற வேன விக்கத் துணிஞ்சிட்டேன். நீ ஒரு வார்த்தை வாயத் தொறந்து கேக்க மாட்டியா? என் வேனவிட உன் வீம்பு பெருசா?"

இரண்டு பேரும் அன்று முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை. மறுநாள் காலை அவள் நேராக அந்த அதிகாரியிடம் போய்ப் பெயர் கொடுத்தாள்.

பண்ணைக்கார அம்மாள் கல்லூரி அறையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எழுபது இருக்கும். சுற்றி வளைக்காமல் கேட்டார்.

"என் பண்ணைல ஒரு தடவ நோய் வந்துச்சு. மொத்தக் கோழியும் போச்சு. வந்து பாக்க ஒரு டாக்டர் கெடைக்கல. எல்லாரும் நாய், பூனைன்னே போயிடுறீங்க. நீ கோழிக்கு வைத்தியம் பாப்பியா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் வேலை முடிந்தது. வாய் வரைக்கும் வந்தும்விட்டது. ஆனால் அவளால் முடியவில்லை.

"பாக்கணும்மா. ஆனா எனக்குக் கோழின்னா பயம்."

"என்ன?"

"சேவல் கன்னத்துல கொத்திடுச்சு. அதுலேருந்து கிட்டப் போனாலே கை நடுங்குது. பழகிட்டிருக்கேன். பழகிடுவேன்னு நெனைக்கிறேன். இப்பவே பாப்பேன்னு சொன்னா அது பொய்."

அம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். கைப்பை மடியிலிருந்து நழுவியது. "நாப்பது வருஷம் பண்ணை வச்சிருந்தேன். எனக்கும் சேவல்னா பயந்தான். யார்ட்டயும் சொன்னதில்ல."

பணம் கிடைத்தது. திருப்பித் தந்துவிடுகிறேன் என்று அவள் சொன்னபோது அம்மாளுக்கு எரிச்சல்தான் வந்தது. "திருப்பித் தர்றதா இருந்தா பேங்குக்குப் போயிருக்கணும். எனக்குக் கணக்கெழுத ஆள் இல்லம்மா. போய்ப் படி."

வருமானம் மறுபடி வரம்பைத் தாண்டாமலிருக்க, அந்த வருடம் விடுமுறை நாளில் பஸ் ஓட்டுவதை விட்டாள். வீட்டில் இறுக்கிப் பிடித்துத்தான் சாப்பிட்டார்கள். அடுத்த வருடம் மானியம் திரும்ப வந்தது. தவறிய பாடம் ஒன்றுதான்; அதையும் மறுபடி எழுதித் தேறினாள். பட்டம் கையில் கிடைத்த அன்று அக்கா தன் கடைக்குப் போய்த் தையல் மெஷினை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "இனிமே இது என்னுது" என்றாளாம்.

இப்போது அவள் அரசு கால்நடை மருந்தகத்தில் மருத்துவர். கடன் இன்னும் தீரவில்லை. மாதா மாதம் சம்பளத்தில் ஒரு பங்கு அதற்கே போகிறது. போகட்டும், அதையும் தாண்டிக் கையில் நிற்கிறது என்பாள். கடை விடுமுறை நாட்களில் கணவனும் வேனை எடுத்துக்கொண்டு கூட வருவான்.

போன மழைக்காலத்தில் ஒரு பசுவுக்குக் கன்று திரும்பிக்கொண்டு சிக்கிவிட்டது. கொட்டகையில் அவள் தோள் வரை கையுறை போட்டு, கன்றின் காலை உள்ளுக்குள்ளேயே மடக்கித் திருப்பிக்கொண்டிருந்தாள். கணவன் மருந்துப் பெட்டியோடு பக்கத்தில் நின்றான். மாட்டுக்காரர் பவ்யமாக அவனிடம் வந்தார்.

"டாக்டர் சார், நர்ஸம்மா தனியாக் கஷ்டப்படுறாங்க. நீங்க கை வைக்கலயா?"

"நான் கை வச்சா மாடு உறைஞ்சு போயிடும்ணே. நான் ஃபிரிட்ஜ் மெக்கானிக்."

அவர் விழித்தார். பசுவின் பின்னாலிருந்து அவள் குரல் கொடுத்தாள். "ரெண்டு பேரும் அப்புறம் பேசலாம். வந்து இந்தக் கயித்தப் புடிங்க, மெதுவா இழுக்கணும்."

மூன்று பேருமாக இழுத்தார்கள். கன்று வழுக்கிக்கொண்டு வைக்கோலில் விழுந்தது. அவள் மண்டியிட்டு அதன் மூக்கைத் துடைத்து, விலாவைப் பரபரவென்று தேய்த்தாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அது தலையை உதறி மூச்சுவிட்டது. மாட்டுக்காரர் ஓடிப்போய், வெந்நீர் வாளியையும் புது சோப்பையும் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார்.

"கை கழுவுங்க டாக்டரம்மா" என்றார்.