பத்து நிமிட வேலை

என் அக்கா மகன் ஒருநாள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். நான் பொய் சொன்னேன். அணுமின்சாரம் ஏன் வேண்டாம் என்று இன்று யாராவது கேட்டால் என்னால் பல காரணங்கள் சொல்ல முடியும். அந்தப் பொய்யை மறைத்துக்கொண்டு அவற்றைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அதனால் அதையே முதலில் எழுதுகிறேன்.

கும்பகோணத்துப் பக்கம் ஒரு கல்லூரியில் முப்பது வருஷத்துக்கு மேல் இயற்பியல் சொல்லிக்கொடுத்தேன். தொண்ணூறுகளில் எங்கள் பக்கம் ஆற்றை நம்ப முடியாமல் போயிற்று. ஜூன் மாதம் மேட்டூர் திறக்காவிட்டால் குறுவை இல்லை. போர்வெல் போட்டவர்கள் மட்டும் நாற்று விட்டுவிட்டு, கரண்டு எப்போது வரும் என்று மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்திருப்பார்கள். அந்தக் காலத்தில் விவசாயிகள் கூட்டம், நூலக விழா என்று எங்கே கூப்பிட்டாலும் போய் அணுமின்சாரத்தைப் பற்றிப் பேசுவேன். சட்டைப் பையிலிருந்து ஒரு சாக்பீஸ் துண்டை எடுத்துக் காட்டி, "இந்த அளவு எரிபொருள் போதும், ஒரு வண்டி நிலக்கரி மிச்சம்" என்பேன். கைதட்டுவார்கள்.

ஒரு தடவை திருவாரூர் பக்கத்துக் கூட்டம் ஒன்றில் பின்வரிசையிலிருந்து ஒரு விவசாயி எழுந்தார். "எரிஞ்ச பிறகு சாம்பலை என்ன சார் பண்ணுவாங்க?"

"பத்திரமா வெச்சிருப்பாங்க."

"எத்தனை நாளைக்கு?"

"ரொம்ப நாளைக்கு. பல தலைமுறைக்கு."

"நம்ம வாய்க்காலைத் தூர் வாரச் சொல்லி கலெக்டர் போட்ட கையெழுத்தே மூணு வருஷம் தாங்கலை சார்" என்றார். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன்.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். குடவாசல் பக்கம் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அத்தான் சொந்த நிலத்தோடு கொஞ்சம் குத்தகையும் பார்த்தார். ஒரே மகன், பாலிடெக்னிக் முடித்திருந்தான். அவனோடு படித்தவர்கள் சிங்கப்பூர், துபாய் என்று கிளம்பிக்கொண்டிருந்தார்கள். "கண்காணாத தேசத்துக்கு இவனை அனுப்ப எனக்கு மனசு வரலைடா" என்று அக்கா என்னிடம் வந்தாள். அணுமின் நிலையம் ஒன்றில் பராமரிப்பு வேலைகளை எடுத்துச் செய்யும் காண்ட்ராக்டர் ஒருவரை, பழைய மாணவர் ஒருவர் மூலம் எனக்குத் தெரியும். சிபாரிசுக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். "நாட்டிலேயே பாதுகாப்பான வேலை இதுதான் அக்கா" என்று சொன்னதும் நான்தான்.

மூன்றாவது வருஷம் பொங்கலுக்கு ஊர் வந்தவன், மாட்டுப் பொங்கலன்று எங்கள் வீட்டுக்கும் வந்தான். சாப்பிட்டுவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது வேலையைப் பற்றிக் கேட்டேன். பெருமையாகத்தான் சொன்னான்.

"உலையை நிறுத்தி வெச்சுப் பராமரிப்பு பண்ற மாசம்தான் மாமா எங்களுக்கு நிறைய வேலை. சில இடத்துல உள்ள போனா பத்து நிமிஷம்தான். ஒரு வால்வுல நாலு போல்ட்டு கழட்டணும்னா, நான் ரெண்டைக் கழட்டிட்டு ஓடி வந்துடுவேன். அடுத்த ஆள் போய் மிச்ச ரெண்டைக் கழட்டுவான்."

"கதிர்வீச்சு அளக்கற பேட்ஜ் குடுப்பாங்கல்ல?"

"குடுப்பாங்க. சாயங்காலம் காண்ட்ராக்டர் ஆளு வாங்கிட்டுப் போயிடுவாரு."

"எவ்வளவு வந்திருக்குன்னு சொல்வாங்களா?"

"அதை யாரு மாமா எங்ககிட்ட சொல்றா?" என்று சிரித்தான்.

நாலு போல்ட்டுக்கு இரண்டு ஆள் என்றால் அந்த இடம் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். அவன் போன பிறகு ஒரு பழைய விடைத்தாளின் பின்பக்கத்தில், அவன் உடம்பில் எவ்வளவு கதிர்வீச்சு ஏறியிருக்கும் என்று உத்தேசமாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். விடை பயப்படும்படி இல்லை. ஆனால் நான் போட்டுக்கொண்ட எண்கள் எல்லாமே ஊகம். நிஜமான எண் யாரோ ஒருவருடைய மேசை இழுப்பறையில் இருந்தது.

அந்தத் தை மாதமே அக்கா பூ, பழம், வெற்றிலை பாக்கு வைத்த தட்டோடு வந்தாள். என் மகள் அப்போது எம்.எஸ்ஸி. முடித்திருந்தாள். அத்தை மகனைப் பிடிக்குமா என்று அவள் அம்மா முன்பே கேட்டதற்கு, "சரிம்மா" என்று சொல்லியிருந்தாள்.

"பொண்ணு கேட்டு வந்திருக்கேன்டா. கேக்கணும்னு இல்லை, முறை இருக்கு. இருந்தாலும் முறையாக் கேக்கறேன்" என்றாள் அக்கா.

"சொந்தத்துல கட்டினா பிள்ளைங்களுக்குக் குறை வருதுன்னு டாக்டருங்க சொல்றாங்கக்கா. படிச்சவன் நானே அதைச் செய்யலாமா?"

அக்கா சமையலறைப் பக்கம் பார்த்தாள். அங்கே என் மனைவி காபி கலந்துகொண்டிருந்தாள். "நீ கட்டியிருக்கிறது யாரைடா? தாய்மாமன் மகளைத்தானே? உன் பொண்ணுக்கு என்ன குறை? கண்ணு தெரியலையா, காது கேக்கலையா?"

"ஏதோ நம்ம அதிர்ஷ்டம்..."

"அந்த அதிர்ஷ்டம் என் பிள்ளைக்குக் கிடையாதா? வேலையில சேர்த்துவிட்டவன் நீ. காண்ட்ராக்ட்டு வேலைன்னு இளப்பமா? ப்ரொபசர் வீட்டுக்கு ப்ரொபசர் மாப்பிள்ளைதான் வேணுமோ?"

காபி வந்தது. அவள் தொடவில்லை. "ஆறட்டும், நீயே குடி" என்று சொல்லிவிட்டு எழுந்தாள். தட்டை எடுத்துக்கொண்டு அவள் படி இறங்கியதைத் தெருவே பார்த்தது.

அவள் போன பிறகு என் மனைவி கேட்டாள். "உங்க அக்காகிட்ட சொன்னது இருக்கட்டும். எங்கிட்டயாவது நிஜத்தைச் சொல்லுங்க."

சொன்னேன். கதிர்வீச்சு, பிறக்கப்போகும் குழந்தைகள், எண் தெரியாத பேட்ஜ் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பள்ளிப் படிப்போடு நின்றவள். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப அந்தப் பிள்ளை மட்டும் அங்க போகலாமா?" என்றாள்.

"அது வேற, இது வேற" என்று கத்தினேன். அந்த வீட்டில் நான் அவ்வளவு சத்தம் போட்டது அன்றுதான்.

பத்து நாள் கழித்து அவனே கல்லூரிக்கு வந்துவிட்டான். வகுப்பு முடிந்து ஆய்வகத்தைப் பூட்டிக்கொண்டிருந்தேன். வராந்தாவில் பையோடு நின்றான். மாலை வண்டியில் வேலைக்குத் திரும்புகிறானாம்.

"மாமா, ஒண்ணு கேட்டா தப்பா நினைச்சுக்க மாட்டீங்களே?"

"கேளுப்பா."

"நான் பாக்கிற வேலையினாலயா வேண்டாம்னீங்க? அங்க பசங்க சொல்லுவாங்க, உள்ள போறவனுக்கு எவன்டா பொண்ணு குடுப்பான்னு. கிண்டலுக்குத்தான். ஆனா உங்களுக்குத் தெரியும்ல. இருந்தா சொல்லிடுங்க மாமா. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

ஒரே ஒரு சொல் போதுமாயிருந்தது. ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் நான் மேடைதோறும் பேசியதெல்லாம் என்னவாகும் என்ற பயம். அக்காவுக்கு நான் எழுதிக்கொடுத்த அந்தச் சிபாரிசுக் கடிதம் என்னவாகும் என்ற பயம்.

"சேச்சே, அதெல்லாம் இல்லை. நீ வாங்கறது ஒரு எக்ஸ்ரே அளவுகூட இருக்காது. சொந்தத்துல வேண்டாம்கிறதுதான் காரணம், வேற ஒண்ணுமே இல்லை" என்றேன்.

அவன் முகம் தெளிந்தது. பெண் கிடைக்காத வருத்தத்தைவிட அந்த நிம்மதி பெரிதாக இருந்தது. "அப்படின்னா சரி மாமா. நான்தான் என்னென்னமோ நினைச்சுட்டேன்" என்று சிரித்துவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனான்.

என் மகளுக்குச் சென்னையில் மாப்பிள்ளை பார்த்தோம். பிறகு அவர்கள் அமெரிக்கா போய்விட்டார்கள். அவன் கல்யாணத்துக்குத் தபாலில் பத்திரிகை வந்தது. போயிருந்தேன். தாய்மாமன் போட வேண்டிய மாலையை அத்தானின் தங்கை வீட்டுக்காரர் போட்டார். மூன்றாவது வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பார்த்துவிட்டு, சாப்பிடாமல் பஸ் ஏறினேன். மறு வருஷம் அவன் மஸ்கட் போய்விட்டான்.

மேடைகளுக்குப் போவதை நான் உடனே நிறுத்திவிடவில்லை. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அதன் பிறகும் இரண்டு மூன்று வருஷம் சாக்பீஸைக் காட்டினேன். பிறகு உடம்பு சரியில்லை என்று தட்டிக்கழிக்க ஆரம்பித்தேன். மனம் மாறிவிட்டது என்று ஒருவரிடமும் சொல்லவில்லை.

மாறியது எப்படி என்று கேட்டால், என் மனைவியின் கேள்வியிலிருந்துதான். விபத்துகளின் வாய்ப்பு எவ்வளவு என்ற அட்டவணைகள் எனக்கு இன்றும் மனப்பாடம். அவை பொய் என்று நான் சொல்லவில்லை. அந்த அட்டவணைகளை நம்பிய நானே, என் பேரக்குழந்தை என்று வந்தபோது நம்பவில்லை. அக்காவின் பேரக்குழந்தை என்றால் நம்பத் தயாராக இருந்தேன். ஒருவருக்கு உரிய கதிர்வீச்சு அளவு நிரம்பியதும் அவரை வெளியே அனுப்பிவிட்டு அடுத்தவரை உள்ளே விட்டால்தான் ஓடுகிற தொழில் அது. அந்த அடுத்தவர் எப்போதும் ஆறு வராத ஊரிலிருந்து, விமானம் ஏற வழியில்லாத வீட்டிலிருந்து வருகிறார். தன் உடம்பில் ஏறிய எண் அவருக்கே தெரியாது.

சாம்பலைப் பற்றி அந்த விவசாயி கேட்டதும் இப்போது வேறு மாதிரி கேட்கிறது. ஒரு பருவத்துத் தண்ணீருக்கு வருஷா வருஷம் கோர்ட்டுப் படி ஏறுகிறோம். தீர்ப்பு வந்தால் அது நடக்குமா என்று வானத்தைப் பார்க்கிறோம். இப்படிப்பட்ட நாம், இன்னும் பிறக்காதவர்களிடம் ஒரு நஞ்சைக் கொடுத்து ஆயிரக்கணக்கான வருஷம் காவல் காக்கச் சொல்கிறோம். நம் அணுமின் நிலையங்களில் சில கடற்கரையில்தான் நிற்கின்றன. சுனாமி வந்த மார்கழியில் தரங்கம்பாடிக்குப் போயிருந்தேன். கடல் எதுவரை வரும் என்று எந்தப் பொறியாளர் கோடு போட்டிருந்தாலும் அன்றைக்கு அந்தக் கோட்டைத் தேடித்தான் பார்த்திருக்க வேண்டும். அப்படியானால் கரண்டுக்கு என்ன வழி என்று கேட்பீர்கள். என்னிடம் முழுப் பதில் இல்லை. மோட்டார் கொட்டகைக் கூரையில் சூரியத் தகடு போட்டவர்கள் இன்று எங்கள் பக்கம் சிலர் இருக்கிறார்கள். அது எல்லாருக்கும் போதாது. பதில் இல்லாததை இல்லை என்று சொல்லப் பழகுகிறேன்.

போன வருஷம் ஒரு கல்லூரியிலிருந்து கூப்பிட்டார்கள். அணுமின்சாரம் வேண்டுமா வேண்டாமா என்று விவாதம். பழைய பெயரை வைத்து, வேண்டும் என்ற கட்சியில் என்னைப் போட்டிருந்தார்கள். வேண்டாம் என்று பேசுகிறேன் என்றேன். பேசினால் இந்தக் கதையைச் சொல்லாமல் பேச முடியாது. அக்காவைக் கேட்டுவிட்டுச் செய்யலாம் என்று குடவாசல் போனேன்.

எண்பதைத் தாண்டிவிட்டாள். கட்டிலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். கை நிற்கவில்லை.

"நீ சொந்தம்னு சொன்னப்பவே எனக்குத் தெரியும்டா. வேற என்னவோன்னு தெரியும். இதுன்னு தெரியாது" என்றாள். பிறகு, "மேடையில சொல்றது கிடக்கட்டும். அவன்கிட்ட சொல்லிட்டியா?"

"இல்லைக்கா."

"ஊருக்கெல்லாம் சொல்லுவே, அவனுக்குச் சொல்ல மாட்டே." தலையணைக்கு அடியிலிருந்து போனை எடுத்தாள். "வெள்ளிக்கிழமை, அவனுக்கு லீவு. இப்பவே பேசு."

அவளே போட்டுக் கொடுத்தாள். "சொல்லுங்க மாமா, உடம்பு நல்லா இருக்கா?" என்றான். ஐம்பது வயதுக் குரல். ஆய்வக வராந்தாவில் நான் சொன்ன பதில் பொய் என்று சொன்னேன். காரணம் அவன் வேலைதான் என்றும் சொன்னேன்.



"மாமா, அன்னைக்கு உங்களைப் பாத்துட்டுப் போன மறு வாரமே மஸ்கட்டுக்கு ஒருத்தர் கூப்பிட்டாரு. நான் போகலை. மாமாவே ஒண்ணும் இல்லைங்கிறாரு, எதுக்குப் பயந்து ஓடணும்னு அங்கேயே நாலு வருஷம் இருந்தேன். பராமரிப்புன்னா நானே முதல்ல பேர் குடுப்பேன். மத்தவங்க தயங்குவாங்க. எங்க மாமா ப்ரொபசர், எக்ஸ்ரே அளவுகூட இல்லைன்னு சொல்லியிருக்காருன்னு நான்தான் அவங்களுக்குத் தைரியம் சொல்லுவேன்."

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"இப்ப ஏதாவது டெஸ்ட் எடுக்கணுமா மாமா? எனக்கு ஒண்ணும் இல்லை, நல்லாத்தான் இருக்கேன். பிள்ளைங்களுக்கு எடுக்கணுமா?"

"தெரியலைப்பா. உன் அளவு எவ்வளவுன்னு தெரிஞ்சாத்தான் ஏதாவது சொல்ல முடியும். அந்தச் சீட்டு ஏதும் உங்கிட்ட இருக்கா?"

"காண்ட்ராக்டர்கிட்ட இருந்திருக்கும். அவரு செத்துப்போய்ட்டாரே."

அவன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "கூட இருந்தவங்கள்ல மூணு பேர் நம்பர் எங்கிட்ட இருக்கு. அவங்களுக்கு நீங்களே சொல்லிடுங்க மாமா. நான் எந்த மூஞ்சியோட சொல்றது?" என்றான்.

அக்கா போனை வாங்கிக்கொண்டு, மதியம் சாப்பிட்டாயா என்று மகனைக் கேட்டாள்.

விவாதத்துக்கு நான் போகவில்லை. அங்கே பேச நினைத்ததைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். அவன் கொடுத்த மூன்று போன் எண்களில் இரண்டு பேரிடம் பேசிவிட்டேன். மன்னார்குடிக்காரர் சிரித்தார்: "அறுபது ஆகப்போவுது சார், இனிமே தெரிஞ்சு என்ன பண்ண?" இன்னொருவர் நான் சொல்லி முடிப்பதற்குள் வைத்துவிட்டார். அவர் கைப்பட ஒரு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், அந்த நிலையத்துக்கு எழுதி அவருடைய கதிர்வீச்சு அளவைக் கேட்கலாம். அதற்காகத் திரும்பக் கூப்பிட வேண்டும். அக்கா மகனுடைய விண்ணப்பத்தை அனுப்பிவிட்டேன்; பதில் வரவில்லை. மூன்றாவது எண்ணில் மணி அடிக்கிறது, எடுப்பார் இல்லை. வேதாரண்யம் பக்கம், உப்பளத்தில் வேலை என்று மட்டும் அவன் சொல்லியிருக்கிறான். திங்கட்கிழமை காலை பஸ்ஸில் போய்த் தேடலாம் என்றிருக்கிறேன்.