சித்தி கேட்காத கேள்வி

வேலை கிடைத்து நான் பெங்களூருக்குக் கிளம்பிய அன்று ஊரே என்னிடம் ஏதாவது கேட்டது. எந்தக் கம்பெனி, எங்கே தங்கப் போகிறாய், சாப்பாட்டுக்கு என்ன செய்வாய், அங்கே குளிருமாமே. சித்தி மட்டும் உதட்டை அழுத்திக்கொண்டு வாசற்படியில் நின்றார். நான் பையைத் தூக்கிக்கொண்டு படி இறங்கும்போது, "தண்ணி பாட்டில் எடுத்துக்கிட்டியா?" என்றார். அவ்வளவுதான். இத்தனைக்கும் அவர் பிறந்து வளர்ந்தது பெங்களூரில், ஈஜிபுராவில். என்னிடம் கேட்பதற்கு அவரிடம் ஆயிரம் இருந்திருக்கும். ஆனால் வீட்டை விட்டுக் கிளம்புகிற யாரிடமும் 'எங்கே போகிறாய்' என்று சித்தி கேட்பதில்லை. ஒரே ஒருமுறை கேட்டு, அதற்காகப் பட்ட பாடு அவருக்குப் போதுமானதாக இருந்தது.

எங்கள் ஊர் கடலூருக்குத் தெற்கே, கடலை ஒட்டி இருக்கிற சின்ன ஊர். பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது என்பதால் ஆபீசில் கடலூர் என்றே சொல்லிவிடுவேன். போகும்போது எங்கே என்று கேட்கக் கூடாது என்பது தமிழ்நாட்டில் பல வீடுகளில் உள்ள வழக்கம்தான். 'தூரமா?' என்று சுற்றி வளைத்துக் கேட்டுக்கொள்வார்கள். எங்கள் ஊரில் அது அத்தனை லேசான விஷயமில்லை. கடலுக்குப் போகிற ஆளிடம் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டால், அவர் திரும்பி வீட்டுக்குள் வந்து தண்ணீர் குடித்து உட்கார்ந்துவிடுவார். சிலர் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கிளம்புவார்கள். என் சித்தப்பா அந்த ரகமில்லை. கேட்டால் அன்றைய தொழில் போயிற்று. இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள், கட்டுமரத்தில் ஒரு தடவை அலையைத் தாண்டிப் பார்த்துவிட்டு அப்புறம் சிரிக்கட்டும்.

சித்தியின் அப்பா எங்கள் பக்கத்து ஊர்க்காரர்தான். கட்டட வேலைக்கு என்று பெங்களூர் போய் அங்கேயே தங்கிவிட்டவர். முறை விட்டுப்போகக் கூடாது என்று மகளைச் சித்தப்பாவுக்குக் கொடுத்தார். கல்யாணமாகி வந்த புதிதில் சித்தியின் கன்னடம் கலந்த பேச்சைக் கேட்கவே நாங்கள் பிள்ளைகள் கூடுவோம். சமையல் முடிந்தால் 'ஆய்த்து' என்பார். போதும் என்பதற்கு 'சாக்கு' என்பார். நாங்களும் ஒரு வாரம் எல்லாவற்றுக்கும் ஆய்த்து, சாக்கு என்று திரிந்தோம்.

கல்யாணத்துக்குப் பிறகு சித்தப்பா முதன்முதலாகக் கடலுக்குக் கிளம்பிய விடியற்காலையில் அது நடந்தது. தோளில் துடுப்பு, கையில் கஞ்சித் தூக்கு. வாசலைத் தாண்டிவிட்டார். அடுப்படியிலிருந்து ஓடி வந்த சித்தி, ஆசையாக, "எங்க போறீங்க? டீ போட்டிருக்கேன், குடிச்சிட்டுப் போங்களேன்" என்றார். பெங்களூரில் அது அன்பாகக் கேட்கிற கேள்வி. சித்தப்பா அப்படியே நின்றார். துடுப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே வந்து, ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை, திட்டவும் இல்லை. டீ ஆறிப்போயிற்று. கரையில் காத்திருந்த என் அப்பாவும் மற்றவர்களும் விஷயம் தெரிந்து வலையைச் சுருட்டிவிட்டார்கள்.

அன்றைக்கென்று பார்த்துப் போன கட்டுமரமெல்லாம் கானாங்கெளுத்தி மீனை அள்ளிக்கொண்டு வந்தது. கரையில் எங்கள் குடும்பம் மட்டும் வெறுங்கையோடு நின்றது. பெண்கள் பேசாமல் இருப்பார்களா? 'டவுன் பொண்ணு வந்த ராசி' என்று கூடைக்கு ஒரு பேச்சு. "தெரியாமக் கேட்டுட்டா, விடுங்களேன்" என்று அம்மா எல்லோரிடமும் மல்லுக்கு நின்றார். சித்தி கொல்லையில் உட்கார்ந்து அழுதது எனக்கு நினைவிருக்கிறது. "எங்கூர்ல பஸ்ஸுக்குப் போறவங்களக்கூட கேப்போமே அக்கா" என்று அம்மாவிடம் சொன்னார். அதன் பிறகு நெடுநாள் அவரைக் கரைப் பக்கம் யாரும் விடவில்லை. சித்தப்பா முகத்தைப் பார்க்கவே சித்திக்குப் பயமாக இருந்ததாம். பின்னாளில் என்னிடம் சொல்லியிருக்கிறார். "வைஞ்சிருந்தாக்கூட ஆறிப்போயிருக்கும். அந்த மனுசன் சும்மா செவுத்தப் பாத்துக்கிட்டு உக்காந்தாரு பாரு, அதத்தான் என்னால தாங்க முடியல."

அன்றோடு சித்தி அந்தக் கேள்வியைத் தலைமுழுகினார். எங்களிடமும் கேட்க மாட்டார், விருந்தாளியிடமும் கேட்க மாட்டார், தபால்காரரிடமும் கேட்க மாட்டார். தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் "கொடை வேணுமா?", "சோறு எடுத்து வெக்கவா?" என்று கேட்டுக் கேட்டே விஷயத்தைக் கறந்துவிடுவார். அதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

இப்போது நான் வைட்ஃபீல்டில் இருக்கிறேன். காலையில் கேப் பிடிக்கப் போனை எடுத்தால் எங்கே போக வேண்டும் என்று அதுதான் முதலில் கேட்கிறது. நான் திரும்பி வந்து தண்ணீர் குடித்து உட்கார்ந்தால் என் மேனேஜர் ஒத்துக்கொள்ள மாட்டார். சித்தியும் பெங்களூருக்கே திரும்பி வந்துவிட்டார். ஹெப்பகோடியில் வேலை பார்க்கும் அவர் மகன், என் தம்பி, அப்பா அம்மாவை அழைத்துவந்து ஈஜிபுராவில் மாடி வீடு ஒன்றில் வைத்திருக்கிறான். அழைத்துவரக் காரணம் சித்தப்பாவின் மறதி. சாப்பிட்டது மறந்தது, பிறகு பேரனின் பெயர் மறந்தது, கடைசியில் கடலை விட்டு வந்ததும் மறந்துபோயிற்று. விடிந்தால் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தொழிலுக்குக் கிளம்பிவிடுவார்.

ஒருநாள் அப்படி இறங்கிப் போனவரைச் சாயங்காலம் வரை தேடினோம். எங்கோ ஒரு மேம்பாலத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்தவரை, அதே தெருவில் இருக்கும் ஆட்டோக்காரர் அடையாளம் கண்டு கொண்டுவந்து விட்டார். காலில் செருப்பில்லை, முட்டியில் ரத்தம். அடுத்த முறை இப்படிக் கிடைப்பார் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். தம்பி கிரில் கதவுக்குப் பூட்டு வாங்கிப் போட்டான். சித்தப்பா கம்பியைப் பிடித்து ஆட்டி, "மரம் கெளம்பிடுச்சுடா, தொறடா" என்று கத்துவார். கீழ்வீட்டுக்காரர்கள் கன்னடத்தில் சண்டைக்கு வந்தார்கள்.

ஒருநாள் தம்பி பூட்ட மறந்துவிட்டு வேலைக்குப் போய்விட்டான். சித்தி அடுப்பில் பாலை வைத்துவிட்டு நிற்கிறார். திரும்பிப் பார்த்தால் சித்தப்பா மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருக்கிறார். ஓடிப்போய்ப் பிடிக்கச் சித்தியின் முழங்கால் இடம் கொடுக்காது. பதறிப்போய், "எங்க போறீங்க?" என்று கத்திவிட்டார். சித்தப்பா நின்றார். திரும்பி மேலே ஏறி வந்தார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு உட்கார்ந்தார். பேரன் பெயர்கூட நழுவிப்போன அந்தத் தலையில் இது மட்டும் அப்படியே இருந்திருக்கிறது.

தம்பிக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். "பூட்டே வேணாம்கா, அம்மா ஒரு வார்த்த கேட்டாப் போதும்" என்று எனக்குப் போன் செய்து சிரித்தான். நானும் சிரித்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. சித்தப்பா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். வைத்த இட்லி வைத்தபடி இருந்தது. மத்தியானமும் சாப்பிடவில்லை. தொழில் கெட்டுப்போன ஆளுக்கு வாயில் சோறு இறங்காது. மறதி வந்ததால் ஒரு சௌகரியமும் இல்லை. தினமும் அவருக்கு அன்றைக்குத்தான் தொழில் கெட்டது. சித்தி என்னிடம், "முப்பது வருசமா வாயக் கட்டுனேன். இப்ப தெனம் என் வாயாலயே அவருக்கு அதப் பண்றேன்டி" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். பின்னாலேயே போனேன். பாதுகாப்புதானே முக்கியம் என்று ஏதோ சொன்னேன். சொன்ன எனக்கே அது பிடிக்கவில்லை.

போன மாதம் ஒருநாள் விடியற்காலையில் அவர்கள் வீட்டுக்குப் போனபோது இருவரும் தெருமுனையில் நின்றிருந்தார்கள். சித்தப்பா துண்டைத் தலையில் கட்டியிருந்தார். அவருக்கு ஓரடி பின்னால் சித்தி, ஸ்வெட்டரும் கையில் குடையுமாக. மெயின் ரோட்டில் தண்ணீர் லாரியும் ஆட்டோவும் பைக்கும் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளாத குறையாகப் போய்க்கொண்டிருந்தன. சித்தப்பா புருவத்துக்கு மேல் கையை வைத்துக்கொண்டு அதையே வெகுநேரம் பார்த்தார். முகத்தைத் திருப்பிக் காற்று எப்படி அடிக்கிறது என்று பார்த்தார்.

"கடல் சரியில்ல. இன்னிக்கு வேணாம்" என்றார்.

"சரிங்க" என்றார் சித்தி.

திரும்பி நடந்தோம். வழியில் தள்ளுவண்டிக்காரரிடம் சித்தி கன்னடத்தில் பேரம் பேசிக் கீரை வாங்கினார். சித்தப்பா யாருக்கும் காத்திருக்காமல் முன்னால் போனார். மாடிப்படிக்குக் கீழே சித்தி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபோது நான் கேட்டேன், இந்த முழங்காலை வைத்துக்கொண்டு தினமும் இறங்கி ஏறுவதற்குப் பதில், வாசலிலேயே அந்த ஒரு வார்த்தையைக் கேட்டுவிடலாமே என்று.

"நான் கேட்டுத் திரும்புனா அது நான் கெடுத்த நாளு. அவராப் பாத்துத் திரும்புனா கடல் கெடுத்த நாளு. கடல் மேல அவருக்கு என்னிக்கும் கோவம் வந்ததில்ல" என்றார்.

அதற்குள் சித்தப்பா மேலே போய், பசிக்கிறது, தட்டை வை என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்.