ஒக்கோவின் ஒரே தோல்வி

அக்ரா நகரின் புகோம் வட்டாரத்தில் அக்வெட்டே குவார்க்கூவைத் தெரியாதவர்கள் கிடையாது. ஆனால் அவரைப் பார்த்ததும் எல்லோர் வாயிலும் முதலில் வருவது அவருடைய அண்ணன் பெயர்தான். இருவரும் இரட்டையர்கள். மூத்தவர் ஒக்கோ, ஆப்பிரிக்கக் குத்துச்சண்டைச் சாம்பியனாக இருந்து ஓய்வு பெற்றவர். இளையவர் அக்வெட்டே, மினிபஸ் நிலையத்தில் ஊர் பெயர் கூவி ஆள் ஏற்றுகிறவர். ஒரே தாடை, ஒரே நடை. மூக்கு உடைந்ததுகூட இருவருக்கும் ஒரே பக்கம். வெளியூர்க்காரர்கள் வண்டியில் ஒரு காலை வைத்துவிட்டு, "சாம்பியனே, நீங்களா இங்க?" என்று நின்றுவிடுவார்கள்.

"மூஞ்சி மட்டும்தான் அவனோடது. தேமாவுக்குக் கடைசி சீட்டு, ஏறு ஏறு" என்பார் அக்வெட்டே.

அவரும் சின்ன வயதில் அதே ஜிம்மில் கையுறை மாட்டியவர்தான். சில சண்டைகள் போட்டார். ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் விட்டுவிட்டார். பிறகு அவருடைய வேலையெல்லாம் இரண்டுதான்: பகலில் ஆள் ஏற்றுவது, சாயங்காலம் ஜிம் வாசல் கொட்டகையில் உட்கார்ந்து அண்ணனுக்காக வாதாடுவது. ஒக்கோ அந்தக் கொட்டகைப் பக்கம் வந்ததே இல்லை. வீட்டில் கோழி வளர்த்துக்கொண்டு, கூப்பிட்ட கல்யாணத்துக்கும் சாவுக்கும் போய்க்கொண்டு இருந்தார். அவருக்குப் பதில் பேசத்தான் அக்வெட்டே இருந்தாரே.

நான் கோக்ரோபீட்டேக்கு அப்பால் ஒரு மீனவக் கிராமத்தான். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். கேட்டவர்களுக்கும் சொல்வேன், கேட்காதவர்களுக்கும் சொல்வேன். படிப்பு முடிந்து புகோமிலேயே தங்கிவிட்டேன். அதனால் ஜிம் கமிட்டியில் எந்தப் பக்கமும் சாராத ஆள் வேண்டும் என்று வந்தபோது, "படிச்ச தம்பி நடுவுல உட்காரட்டும்" என்றார்கள். உட்கார்ந்தேன்.

விவகாரம் இதுதான். ஜிம்மின் தெருப்பக்கச் சுவரில் மூன்று பெரிய கட்டங்கள். இரண்டில் உலகச் சாம்பியன்கள் இருவரின் முகங்கள். அவர்களைப் பற்றி இங்கே யாருக்கும் பேச்சு இல்லை. மூன்றாவது கட்டம் பல வருடமாக வெறும் வெள்ளை. ஹோமோவோ அறுவடைப் பண்டிகைக்கு முன்னால் அதை நிரப்பிவிட வேண்டும் என்று முடிவாகி, ஓவியனும் வண்ண டப்பாக்களோடு வந்துவிட்டான். ஒக்கோவா, செத்துப்போன பழைய குத்துச்சண்டைக்காரர் சோவா புரூஸா என்பதுதான் கேள்வி.

கணக்குப் பார்த்தால் ஒக்கோதான். ஜெயித்த சண்டைகள் அத்தனை. தோற்றது ஒன்றே ஒன்று. ஆனால் அந்த ஒன்று இருக்கிறதே! இதே அக்ரா ஸ்டேடியத்தில், சொந்த ஜனத்தின் கண் முன்னால், உகாண்டாவின் கசிம்பாவோடு மோதும்போது, எட்டாவது சுற்றுக்கு மணி அடித்தும் அவர் ஸ்டூலை விட்டு எழவில்லை. அடுத்த வருடம் அதே கசிம்பாவை மூன்றே சுற்றில் படுக்க வைத்துப் பெல்ட்டைத் திரும்ப வாங்கினார். இருந்தும் என்ன? புகோமில் விழுந்தவனை மன்னிப்பார்கள், எழாதவனை மன்னிக்க மாட்டார்கள். சோவா ஊர் ஊராகப் போய்த் தோற்றவர். ஆனால் ஒவ்வொரு தடவையும் மேடையிலிருந்து அவரைத் தூக்கிக்கொண்டுதான் வர வேண்டியிருந்தது.

செவ்வாய்க்கிழமை கடலுக்குப் போகிற வழக்கம் இல்லை என்பதால் அன்று மதியமே கூட்டம் கூடிவிட்டது. பண்டிகைக்கு முந்தைய மௌன நாட்கள் வேறு. முரசும் கூடாது, கூச்சலும் கூடாது. எங்கள் ஆட்கள் குரலை உயர்த்தாமல் சண்டை போடுவதைப் பார்க்க எனக்குச் சிரிப்பு வந்தது. சோவாவின் மருமகன் அஜெட்டே, படகு வைத்திருப்பவன், பல்லைக் கடித்துக்கொண்டே பேசினான். சுவரில் இருக்கிற இரண்டு பேரும் ராத்திரி இறங்கி வந்து, எழுந்திருக்க மாட்டாதவன் பக்கத்தில் எங்களை ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்பார்கள் என்றான். அக்வெட்டே வழக்கம்போலப் பதிலுக்குப் பதில் கொடுத்தார். யாரை எங்கே எத்தனையாவது சுற்றில் அண்ணன் சாய்த்தான் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். கோச் லாம்ப்டே ஓரத்தில் தொப்பியை முகத்தில் சரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரட்டையர் இரண்டு பேரையும் பழக்கியவர் அவர். இந்தப் பேச்சில் மட்டும் அவர் வாயைத் திறந்ததே இல்லை.

பேசிப் பேசிக் கடைசியில் எல்லாம் அந்த ஸ்டூலில்தான் வந்து நின்றது. அதற்கு அக்வெட்டேயிடம் எப்போதுமே பதில் இருந்ததில்லை. சோவாவுக்குக் கை தூக்கச் சொன்னேன். பாதிக்கு மேல் தூக்கிவிட்டார்கள். நான் எண்ண ஆரம்பித்தேன்.

"கையை இறக்குங்க" என்றார் அக்வெட்டே. எழுந்து நின்றிருந்தார். "அந்த ஸ்டூல்ல உட்கார்ந்தது ஒக்கோ இல்ல. நான்."

யாரோ சிரித்தார்கள். அஜெட்டே தலையில் கை வைத்துக்கொண்டான்.

"யோவ் அக்வெட்டே, அண்ணனுக்காக நீ எது வேணா சொல்லுவே. விட்டா அவன் வாங்கின குத்தெல்லாம் உன் வயித்துல விழுந்துச்சும்பே" என்றான்.

"அன்னைக்கு விழுந்தது என் வயித்துலதான்."

அதைச் சொன்ன விதத்தில் சிரித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். நான் கோச்சைப் பார்த்தேன். ஒரு அதட்டல் போட்டு உட்கார வைப்பார் என்று நினைத்தேன். அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"கையில துணி சுத்தினவன் நான்" என்றார் லாம்ப்டே. "ஒக்கோ மணிக்கட்டு எது, இவன் மணிக்கட்டு எதுன்னு எனக்குத் தெரியாதா? இவன்தான்."

அந்த நிமிடத்தை எப்படிச் சொல்வதென்று இன்றுவரை தெரியவில்லை. தூக்கிய கைகள் சில அப்படியே மேலேயே நின்றன. இறக்க மறந்துவிட்டார்கள். நான் அந்தச் சண்டையைப் பார்த்தவன்கூட இல்லை. எனக்கே இப்படியென்றால் அந்த ராத்திரி ஸ்டேடியத்தில் இருந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? அஜெட்டே மெல்லத் தரையில் உட்கார்ந்தான். சண்டைக்கு மறுநாள் ஒக்கோ வீட்டுக் கூரையில் கல்லெறிந்த பையன்களில் அவனும் ஒருவன். ஒரு வருடம் முழுக்க ஒக்கோ தெருவில் போனால் மீன்காரிகள் காலி ஸ்டூலை எடுத்து நடுவழியில் போடுவார்களாம். அவர் சுற்றிக்கொண்டு போவாராம். ஒரு வார்த்தை பேசியதில்லையாம்.

ஏன் செய்தார்கள் என்பதை அக்வெட்டே நின்றபடியே சொன்னார். அதைப் புரிந்துகொள்ள எங்களில் யாருக்கும் கஷ்டம் இருக்கவில்லை. இரட்டைப் பிள்ளைகளுக்கு எதையும் ஒன்று மட்டும் வாங்குகிற துணிச்சல் எந்தத் தாய்க்கு வரும்? ஒருவனுக்குச் சட்டை என்றால் மற்றவனுக்கும் சட்டை. இல்லாவிட்டால் கிடைக்காதவன் மனம் வெதும்பி உலகத்தை விட்டே போய்விடுவான். ஒக்கோ சம்பாதித்தபோது இரண்டு வீடு கட்டினார், இரண்டு கார் வாங்கினார். அக்வெட்டே தன் காரை விற்ற பணம்தான் பிறகு அவர் தேமா ரோட்டில் விட்ட முதல் மினிபஸ்ஸுக்கு மூலதனமானது. பெல்ட்டைத்தான் இரண்டாக வாங்க முடியவில்லை. ஒக்கோ சாம்பியனான வருடம் அக்வெட்டேவுக்குக் காய்ச்சல் வந்தது. விடவே இல்லை. ஆளே பாதியாகிவிட்டார். குறி சொல்கிறவள் வந்து பார்த்துவிட்டு, ஒருத்தன் மட்டும் சாப்பிட்டுக்கொண்டே இருந்தால் இன்னொருத்தன் என்ன ஆவான் என்று அம்மாவிடம் கேட்டாள். அம்மா ஒக்கோவின் காலைப் பிடித்துக்கொண்டாள். ஒரே ஒரு சண்டை. அவனும் ஒருநாள் சாம்பியனாக மேடையேறட்டும். உயிரோடு இருப்பான்.

காய்ச்சல் விட்டதாம். மாதக்கணக்கில் பயிற்சி எடுத்து, உடம்பைத் தேற்றி, அண்ணனின் பட்டு அங்கியைப் போட்டுக்கொண்டு மேடையேறினார் தம்பி. தம்பியின் தொப்பியைப் போட்டுக்கொண்டு வாளியோடு கீழே நின்றார் அண்ணன்.

"அப்போ டிக்கெட் வாங்கின நாங்கெல்லாம் மடையனுங்களா?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். 

"ஏன் எந்திரிக்கல?" அஜெட்டேதான் கேட்டான். தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"கசிம்பா அடிச்சது தாங்கக்கூடியதுதான்" என்றார் அக்வெட்டே. "ஸ்டேடியம் பூரா 'ஒக்கோ, ஒக்கோ'ன்னு கத்துது. எனக்கு ஒதடு கிழிஞ்சு ரத்தம் ஊத்துது. இவ்ளோ பேருல என்னைக் கூப்பிடுறவன் ஒருத்தன்கூட இல்லையேன்னு தோணிச்சு. யாருக்காக எந்திரிக்கிறது? கால் வரல. அவ்ளோதான்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பி, இப்ப எண்ணு. அவன் தோத்ததே இல்ல. அவன் மூஞ்சியைப் போடச் சொல்லு."

 நான் படித்த எந்தப் பாடத்திலும் இதற்கு வழி இல்லை. தோற்காத வீரன் என்று ஒரு பக்கம், ஜனத்தை ஏமாற்றியவன் என்று இன்னொரு பக்கம். இரண்டும் ஒரே மனிதன். அதற்குள் யாரோ ஓடிப் போய் ஒக்கோவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். கோழித் தீவனம் ஒட்டிய கையோடு வந்து நின்றார். விஷயத்தை நான்தான் சொன்னேன். பொய் என்று சொல்லிவிடுவாரோ என்றுகூட நினைத்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. தம்பியைப் பார்த்தார்.

"உனக்குக் கொடுத்த காரை நான் என்னைக்காவது திருப்பிக் கேட்டேனா?"

அக்வெட்டே தலை குனிந்துகொண்டார்.

"சண்டையைக் கொடுத்தேன். அதுல வந்த தோல்வியை நான் எடுத்துக்கிட்டேன். அம்மா கிட்ட சொல்லி எடுத்துக்கிட்டது அது. கல்லடி பட்டது நான், வழியில ஸ்டூல் போட்டப்ப சுத்திப் போனது நான். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா? எதுக்குடா பிடுங்குன?"

"உன் மூஞ்சி சுவத்துல வரணும்னுதான் ஒக்கோ..."

"தினம் கண்ணாடியில பாக்குறேன். போதும்."

பிறகு ஓவியனைக் கூப்பிட்டார். "சோவாவைப் போடுப்பா. அவன் தோத்ததெல்லாம் அவனே தோத்தது."

அப்படிச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். யாரும் மறுத்துப் பேசவில்லை. நான் எண்ணவும் இல்லை. ஓவியன் ஏணியைச் சாய்த்து, கரித்துண்டால் சோவாவின் நெற்றியை வரைய ஆரம்பித்தான். அஜெட்டேவுக்கு அதைத் திரும்பிப் பார்க்கக்கூட மனம் இல்லை. ஜெயித்தவன் மாதிரியே இல்லை அவன். கோச் லாம்ப்டே தொப்பியைப் போட்டுக்கொண்டு, அக்வெட்டேயின் தோளைத் தொடலாமா வேண்டாமா என்று கையை நீட்டி, பின் இழுத்துக்கொண்டார்.

அண்ணன் தம்பியோடு இன்னும் பேசவில்லை. பண்டிகையில் இரட்டையர்களைக் குளிப்பாட்டும் நாளில் இருவரும் வந்தார்கள். வராமல் இருக்க முடியாதே. ஒரே மாதிரி வெள்ளைத் துணியில் அருகருகே உட்கார்ந்து, ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வழக்கமாக வாழ்த்துப் பாடித் தள்ளுகிற பெண்கள் அன்று பாட்டை நிறுத்தி நிறுத்தி அவர்களையே பார்த்தார்கள். என்னாலும் கண்ணை எடுக்க முடியவில்லை.

கொட்டகையில் இப்போது வேறு சண்டை. காய்ச்சலிலிருந்து எழுந்து வந்து கசிம்பாவின் முன் ஏழு சுற்று நின்றவனை எந்த வரிசையில் வைப்பது என்று தொண்டை கிழியப் பேசுகிறார்கள். அக்வெட்டே அங்கே வருவதில்லை. அன்றொரு நாள் பஸ் நிலையத்தில் நின்றிருந்தபோது அஜெட்டே மீன்கூடையோடு அவரிடம் போவதைப் பார்த்தேன். ஏதாவது சொல்லிவிடப் போகிறானே என்று பக்கத்தில் போனேன்.

"கசிம்பாவோட இடது கை எப்படி வரும் அண்ணே?" என்று அஜெட்டே கேட்டான். "கீழ இருந்தா, நேராவா?"

 அக்வெட்டே டிக்கெட் காசைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் முகத்துக்கு நேரே தூக்கினார்.

"கீழ இருந்துதான். நீ அங்க நில்லு. காட்டுறேன்."

தேமா வண்டி ஆள் நிரம்பி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.