லீடரான பிறகு

ஒரு திங்கட்கிழமை காலை, ஷிஃப்ட் தொடங்குவதற்குச் சற்று முன் சூப்பர்வைசர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இன்னிலேர்ந்து நீதாம்மா லைன் லீடரு. இன்னா, ஓகேவா?" என்றார். யோசித்துப் பதில் சொல்வதற்காகக் கேட்ட கேள்வி அல்ல அது. கையில் ஒரு நீலக் கோட்டைக் கொடுத்தார். அதை மாட்டி முடிப்பதற்குள் பெல் அடித்து லைன் ஓடத் தொடங்கிவிட்டது.

வல்லம் வடகாலில், கார்களுக்குள் ஓடும் ஒயர்க் கட்டுகளைச் செய்யும் கம்பெனி எங்களுடையது. அதுவரை நான் ஆபரேட்டர். பலகையில் ஒயர்களைப் பரப்பி, டேப் சுற்றி, அடுத்த ஆளிடம் தள்ளிவிடுவது வேலை. தென்காசிப் பக்கத்து ஊரில் இருந்த அம்மாவிடம் போனில் சொன்னேன். சாயங்காலத்துக்குள் அவள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். நான் மேல்படிப்பு முடித்துவிட்டதுபோல யார் யாரோ போன் செய்து வாழ்த்தினார்கள்.

லீடருக்குக் கைவேலை குறைவு. ஆனால் யார் வரவில்லை, ஏன் வரவில்லை, பீஸ் ஏன் குறைந்தது, எல்லாவற்றுக்கும் என்னைத்தான் கேட்பார்கள். லைனில் ஒருத்தி கையைத் தூக்கினால் பாத்ரூம் போகவேண்டும் என்று அர்த்தம். அவள் இடத்தில் நிறுத்த ஆள் இருந்தால் அனுப்பலாம். இல்லாவிட்டால் கவனிக்காததுபோல வேறு பக்கம் பார்க்க வேண்டும். எனக்கு அது வரவில்லை. நானே போய் நின்றுகொள்வேன். "நீ டேப்பு சுத்திக்கினு நின்னா லைன யாரு பாக்குறது?" என்று சூப்பர்வைசர் கத்துவார். அறைக்குத் திரும்பியதும் கால் வலியைவிடக் காது வலிதான் அதிகமாக இருப்பதாகத் தோன்றும்.

அறை சேரப்பணஞ்சேரியில், ஒரு வீட்டின் மாடியில். என்னோடு இருந்தவள் எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரி. ஒரே பஸ்ஸில் வந்து, ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் நாங்கள். அவளும் என் லைனில்தான் இருந்தாள். நான் லீடரான பிறகு அவள் பேச்சு குறைந்தது. போனில் யாரோடாவது பேசிக்கொண்டிருக்கும்போது நான் உள்ளே வந்தால், "சரி, பெறவு பேசுதேன்" என்று வைத்துவிடுவாள். சண்டை எதுவும் இல்லை. சண்டை வந்திருந்தால் சமாதானமாவது ஆகியிருக்கலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சூப்பர்வைசர் போன் செய்தார். அவசர ஆர்டர், ஓட்டிக்கு, அதாவது ஓவர்டைமுக்கு, ஐந்து பேர் வேண்டும். ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டுக் கெஞ்சியதில் நான்கு பேர் சரி என்றார்கள். போனோடு மொட்டை மாடிக்குப் போனேன். அறைத்தோழி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு நாள் காய்ச்சலில் படுத்துவிட்டு அன்றுதான் எழுந்திருந்தாள்.

"ஓட்டியா?" என்றாள், திரும்பிப் பார்க்காமலே.

"ம். நாலு பேரு வாரோம்னுட்டாவ. இன்னொரு ஆளு வேணும்."

"அப்பம் கேளேன்ட்டி. ஏன் சும்மா நிக்கே?"

"ஒனக்கு மேலுக்குச் சொகமில்லன்னு எனக்குத் தெரியாதா?"

"தெரியும்லா. பெறவு ஏன் மாடிக்கு ஏறி வந்தே?"

அவள் ஈரச் சுடிதாரை உதறிக் கொடியில் போட்டாள். "நீ கேட்டன்னா, போட்டீ, வரமாட்டேன்னு சொல்லிட்டு ஒங்கூடவே உக்காந்து சாப்பிடுவேன். லீடர் கேட்டா அப்படிச் சொல்ல முடியாது. ரெண்டு பேருல யாரு கேக்கா, அத மொதல்ல சொல்லு."

நான் கீழே இறங்கி, கோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வாசலில் கோலமாவு டப்பாவோடு நின்றிருந்த வீட்டுக்கார அம்மா, "இன்னாமா, லீடராயிட்டியாமே, ஞாயித்துக்கெயம கூடவா டூட்டி?" என்றார். "ஆமாங்க்கா" என்று சிரித்தேன்.

"அஞ்சாவது ஆளு எங்க?" என்றார் சூப்பர்வைசர். "நான்தான் சார்" என்றேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார். அன்று முழுவதும் பலகை முன் நின்று டேப் சுற்றினேன். யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. விரல்கள் தம்பாட்டுக்கு ஓடின. வெகுநாள் கழித்து மனசு கொஞ்சம் படுத்து எழுந்ததுபோல இருந்தது.

அந்த வாரமே எச்.ஆர். அறைக்குப் போனேன். என் வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். "மேடம், எனக்கு லீடர் போஸ்ட் வேணாம். பழையபடி ஆபரேட்டராவே இருக்கேன்."

"யாராவது தொந்தரவு குடுக்கறாங்களா?"

"இல்ல மேடம். முடியல, அவ்வளவுதான்."

அவள் கம்ப்யூட்டரில் எதையோ தேடினாள். "மேல போறதுக்கு வழி இருக்குப்பா, கீழ எறங்கறதுக்கு இல்ல. வேணும்னா ரிசைன் பண்ணிட்டு புதுசா சேரலாம். ஆனா இப்ப புதுசா எடுக்கறதெல்லாம் கான்ட்ராக்ட்தான்." குரலில் கோபமில்லை. உண்மையிலேயே எனக்காக வருத்தப்பட்டாள் என்றுதான் நினைக்கிறேன். எழுந்து வந்துவிட்டேன்.

அன்று இரவு சாப்பிடும்போது இதைத் தோழியிடம் சொன்னேன். முதலில் சிரித்தாள். பிறகு தட்டைப் பார்த்தபடியே, "எங்கிட்டக் கேட்டிருந்தா போவாதன்னு சொல்லிருப்பேன்" என்றாள்.

"ஏன்?"

"நீ எறங்குனா இன்னொருத்தி ஏறுவா. நான் கையத் தூக்குனா அவ வந்து நிப்பாளா?"

அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. அடுத்த மாதமே அவள் வேறு லைன் கேட்டாள். சூப்பர்வைசரிடம் பேசி மாற்றிக் கொடுத்தது நான்தான். இப்போது ஷிஃப்டும் வேறு வேறு. நான் படியேறும்போது அவள் இறங்குவாள். "சோறு இருக்கு, கொழம்ப மட்டும் சூடு பண்ணிக்கோ" என்பாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் சேர்ந்து சமைக்கிறோம். அவள் தன் புது லீடரை வாய் வலிக்கத் திட்டுகிறாள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்கிறேன். சில நேரம் அந்த லீடர் பக்கம் நியாயம் இருப்பதாகத் தோன்றும். அதை நான் சொல்வதில்லை.