தொப்பூர் இறக்கத்தில் ஓடாத பஸ்

போன வருஷம் ஆனி மாசக் கடைசியில, ஓசூர்லேர்ந்து திருச்சிக்கு ஓடாத பஸ் ஒண்ணை இழுத்துக்கிட்டு வந்தப்ப நடந்தது இது.

முதல்ல என்னைப் பத்திச் சொல்லிடறேன். நாலாம் கிளாஸோட படிப்பு நின்னு போச்சு. சத்திரம் பஸ் ஸ்டாண்டுல அடுத்தவன் பஸ்ஸைக் கழுவித்தான் வாழ்க்கையை ஆரம்பிச்சேன். இன்னைக்கு மன்னார்புரத்துல சொந்த ஷெட், ஏழு பஸ், ஸ்ரீரங்கத்துல மாடி வீடு. ஒருத்தர்கிட்டயும் கை கட்டி நின்னதில்லை. எந்த வண்டியா இருந்தாலும் சத்தத்தை வச்சே அதோட நோயைச் சொல்லிடுவேன். பெருமைக்குச் சொல்லலை, திருச்சியில யாரை வேணா கேட்டுப் பாருங்க.

ஓசூர்ல ஒரு கம்பெனி, வேலைக்கு ஆள் ஏத்திக்கிட்டிருந்த பஸ்ஸை விக்கறதா தகவல் வந்துச்சு. இன்ஜின் போயி ஒரு வருஷமா நின்ன வண்டி. பாடி நல்லா இருந்துச்சு. ஒண்ணே முக்கால் லட்சத்துக்கு முடிச்சேன். எட்டாவது பஸ்ஸுக்கு ஷெட்டுல இடமும் ஒதுக்கியாச்சு.

அப்புறம்தான் அதைக் கொண்டுவர்ற செலவை விசாரிச்சேன். சேலத்துல வண்டி தூக்கற கிரேன்காரர் ஒருத்தர் போன்ல தொண்ணூறாயிரம்னார். எனக்குக் காது அடைச்சுப் போச்சு. பஸ் விலையில பாதிக்கு மேல! போக வர ரெண்டு பக்கக் கிலோமீட்டரும் கணக்காம், டோல் தனியாம். பஸ் பிரேக் காத்துலதான் வேலை செய்யும், இன்ஜின் ஓடாத வண்டிக்கு அந்தக் காத்து வராது, அவங்க வண்டியிலேர்ந்து டியூப் போட்டுக் காத்து குடுத்து, முன்பக்கத்தைத் தூக்கித்தான் இழுக்கணும்னு பொறுமையா விளக்கினார். அதோட, ஒரு வாரம் கழிச்சுத்தான் வர முடியும்னார்.

ஒரு வாரம் எப்படிப் பொறுக்கறது? மூணு நாள்ல ஆடி பொறக்குது. வாங்கின வண்டியை ஆடியில ஷெட்டுக்குள்ள விடக்கூடாதுன்னு வீட்டுக்காரம்மா ஒத்தக் கால்ல நிக்கறா. எனக்கும் அதுல நம்பிக்கை உண்டு. "காத்துக்குத் தொண்ணூறாயிரமாய்யா? நான் பஸ் ஓட்டும்போது நீ பொறந்திருக்கவே மாட்டே"ன்னு சொல்லி போனை வச்சிட்டேன்.

எங்க ஷெட் மெக்கானிக்கை அழைச்சுக்கிட்டு ஓசூர் போயிட்டேன். அங்க மார்க்கெட்டுல வெங்காயம் இறக்கிட்டுக் காலியாத் திரும்பற பெரம்பலூர் லாரிக்காரர் ஒருத்தர் கிடைச்சார். நாப்பது வயசு இருக்கும். சொந்த லாரி, கடன்ல வாங்கினது. இருபத்தஞ்சாயிரம் கேட்டார், இருபத்திரண்டுக்கு இறக்கினேன். பஸ்ஸை இழுக்க நான் கொண்டுபோன சங்கிலியைப் பார்த்ததும் அவர் முகம் சரியில்லை.

"பெரியவரே, தொப்பூர் இறக்கம் இருக்குங்க. நடுவுல தடிமனான இரும்புக் கம்பி போட்டு இழுத்தா பஸ் முன்னாடி வந்து மோதாது. சங்கிலின்னா பயமா இருக்குங்க."

"பஸ் ஸ்டீயரிங்ல நான் உட்காரப் போறேன் தம்பி. நீ ரோட்டைப் பார்த்து ஓட்டு, போதும்."

காத்து இல்லாததால பஸ்ஸோட பின் சக்கரம் பூட்டிக்கிட்டு நகரலை. மெக்கானிக் போல்ட்டை முறுக்கி அந்தப் பூட்டை விடுவிச்சார். சக்கரம் உருண்டுச்சு. அதாவது, அந்த பஸ்ஸுக்கு இனிமே பிரேக்கே கிடையாது. அது எனக்குத் தெரியாதா? நல்லாவே தெரியும். லாரி மெதுவாப் போனா சங்கிலி விறைப்பா இருக்கும்னு ஒரு கணக்கு. எலுமிச்சம்பழத்தை நசுக்கிக் கிளம்பிட்டோம். மெக்கானிக் லாரியில, நான் பஸ்ஸுல தனியா.

தர்மபுரி தாண்டுற வரைக்கும் ராஜா மாதிரி வந்தேன். தொப்பூர் இறக்கம் ஆரம்பிச்சு கொஞ்ச தூரத்துல சங்கிலி தொளதொளன்னு ஆச்சு. பஸ் லாரியை நெருங்குது. மிதிச்சுப் பார்த்தேன், கால் சும்மா உள்ளே போகுது. சங்கிலி முன் சக்கரத்துல மாட்டி, வெடி மாதிரி ஒரு சத்தத்தோட அறுந்துச்சு.

அதுக்கப்புறம் பஸ் யாருக்கும் சொந்தமில்லாத மாதிரி ஓட ஆரம்பிச்சுது. பேட்டரி கிடையாது, ஹாரன் அடிக்க முடியாது. இன்ஜின் ஓடாததால ஸ்டீயரிங் கல்லு மாதிரி இருக்கு, ரெண்டு கையாலயும் தொங்கறேன். சத்தம் கேட்டதும் லாரி வேகமா முன்னாடி ஓடிடும்னு நினைச்சேன். ஓடலை. அதோட பின்பக்கம் பெருசாகிக்கிட்டே வருது. "போய்யா, போய்யா"ன்னு கத்தினேன். அவர் வேணும்னே வேகத்தைக் குறைக்கறார்னு எனக்கு அப்பப் புரியலை.

டமார்னு மோதுச்சு. கண்ணாடி உடைஞ்சு மடியில கொட்டுச்சு. பஸ் மொத்தக் கனத்தையும் லாரி முதுகுல சாய்ச்சிடுச்சு. லாரி பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டே, டயர் தீயற நாத்தத்தோட, ரெண்டு வண்டியையும் சேர்த்துத் தாங்கிக்கிட்டு இறங்குது. எவ்வளவு நேரம்னு தெரியலை. கடைசியில ரோட்டோரம் ஒரு மண் மேட்டுல ஏறி ரெண்டும் நின்னுச்சு.

என் கை ஸ்டீயரிங்கை விடமாட்டேங்குது. லாரிக்காரர் ஓடி வந்தார். முதல்ல சக்கரத்துக்குக் கீழ கல்லைத் தள்ளினார், அப்புறம்தான் மேல ஏறி வந்தார்.

"பெரியவரே, கால் ரெண்டும் இருக்கா? ஆட்டிக் காட்டுங்க."

ஆட்டிக் காட்டினேன். நெத்தியிலயும் கையிலயும் கீறல், அவ்வளவுதான். மெக்கானிக் ரோட்டோரம் உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கிட்டிருந்தார். லாரியோட பின்கதவு, சட்டம் எல்லாம் உள்ளே மடங்கிக் கிடந்துச்சு. கடன் முடியாத லாரி.

தண்ணி குடிச்சுட்டு அவர்கிட்ட கேட்டேன், சங்கிலிதான் அறுந்து போச்சே, நீங்க தப்பிச்சுப் போயிருக்கலாமேன்னு. அவர் தலையைச் சொறிஞ்சுக்கிட்டே சொன்னார்.

"போகத்தாங்க காலை ஆக்சிலேட்டர்ல வச்சேன். சைடு கண்ணாடியில உங்க மூஞ்சி தெரிஞ்சிடுச்சுங்க. தெரியாம இருந்திருந்தா போயிருப்பேனோ என்னவோ."

அவ்வளவு சின்ன இடைவெளியிலதான் நான் பிழைச்சிருக்கேன்.

மிச்சக் கதை சுருக்கம்தான். அதே சேலத்துக்காரருக்கு நானே போன் பண்ணினேன். பாதி தூரம்தானேன்னு இழுத்தேன். "விபத்து வண்டிங்க, அதே ரேட்தான்"னார். இந்தத் தடவை பேரம் பேசாம வரச் சொன்னேன். பஸ் ஆடி ஆறாம் தேதி மன்னார்புரம் வந்துச்சு. லாரியைச் சரிபண்ணின செலவு முழுக்க நான்தான் குடுத்தேன். எல்லாம் சேர்த்துப் பார்த்தா பஸ் வாங்கின காசைத் தாண்டிடுச்சு. வீட்டுக்காரம்மா ஸ்ரீரங்கம் கோயிலுக்குப் போயிட்டு வந்து, என் நெத்தியில போட்டிருந்த கட்டை மாத்தி விட்டா.

பஸ் இப்ப வேற இன்ஜினோட மருங்காபுரிப் பக்கம் நல்லாத்தான் ஓடுது. ஆனா அன்னைக்கு நான் லாரியில இருந்து, முன்பின் தெரியாத ஒருத்தர் பஸ்ஸுல இருந்திருந்தா, என் சொந்த வண்டியைக் கொடுத்து அவரை நிறுத்தியிருப்பேனான்னு இன்னும் என்னையே கேட்டுக்கிட்டிருக்கேன்.