ஏழு படங்களில் ஒரு ஏரி

நகல் எடுக்கும் கடையில் உட்கார்ந்திருப்பவளுக்கு ஊர் ரகசியம் முக்கால்வாசி தெரிந்துவிடும். படிக்கக் கூடாதுதான். ஆனால் கண்ணாடிமேல் தாளைக் கவிழ்க்கும் அந்த ஒரு நொடி, கண்ணை எங்கே கழற்றி வைப்பது? மருத்துவச் சான்றிதழ், 'இடமில்லை' என்று பள்ளிக்கூடம் எழுதிய கடிதம், மறுபடியும் மருத்துவச் சான்றிதழ். கனத்த கோப்பும் வெயிலே படாத முகமுமாக வருகிறவர்களை அவள் வாசலிலேயே அடையாளம் கண்டுகொள்வாள். நகலை எண்ணிக் கொடுத்துவிட்டு மெல்லக் கேட்பாள்.

"ஞாயித்துக்கிழமை பிள்ளையைக் கூட்டிட்டு எங்கயாவது போறீங்களா?"

பெரும்பாலோர் கோப்பை இறுக்கிக் கட்டுவார்கள். சிலர் அங்கேயே அழுதுவிடுவார்கள்.

அவளை எல்லோரும் 'ஒத்திகை அக்கா' என்பார்கள். அந்தப் பெயர் வந்ததற்குக் காரணம் அவளுடைய தம்பி. முப்பத்து நான்கு வயது, ஆறடி உயரம், பேச்சு கிடையாது. பேச்சுதான் இல்லையே தவிர, சிரிப்பு தெருக்கோடி வரைக்கும் கேட்கும். பதினொரு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் அவனைச் சினிமாவுக்குக் கூட்டிப்போனாள். எல்லோரும் மூக்கைச் சிந்துகிற கட்டத்தில் இவன் சிரித்தான். இடைவேளையில் டார்ச் லைட்டோடு ஒருவர் வந்து, "கொஞ்சம் வெளிய வாங்கம்மா" என்றார். படம் பாதியில் எப்படி முடிந்தது என்று தம்பிக்குப் புரியவில்லை. நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டான். அன்றைக்கு அக்காவுக்கு வந்த கோபம் இருக்கிறதே, அந்தத் தியேட்டருக்கே தீ வைத்திருப்பாள்! வைக்கவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்தாள். இவன் இடத்தைப் பார்த்து மிரளவில்லை, அடுத்து என்ன என்று தெரியாமல்தான் மிரளுகிறான். சரி, தெரிய வைத்துவிட்டால் போயிற்று.

அடுத்த வாரம் தனியாகப் பூங்காவுக்குப் போய்ப் படம் எடுத்து வந்தாள். பஸ், வாசல், பாதை, பெஞ்சு என்று ஒரே தாளில் ஏழு கட்டங்கள். கடைசிக் கட்டத்தில் அவர்கள் வீட்டுக் கதவு. ஏனென்றால் எங்கே போகிறோம் என்பதைவிட, திரும்பி வருவோமா என்பதுதான் பெரிய கேள்வி. தம்பி அந்தத் தாளை நான்கு நாள் தடவித் தடவிப் பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை ராஜா மாதிரி போய்விட்டு ராஜா மாதிரி வந்தான்.

அவள் கல்லாவில் கிடந்த அந்தத் தாளை யாரோ ஒரு தகப்பன் பார்த்து, "எங்க வீட்டுக்கும் ஒண்ணு போட்டுத் தருவீங்களா?" என்று கேட்டதில் ஆரம்பித்தது. இப்போது பத்தொன்பது குடும்பம். மாதம் ஒருமுறை எல்லோரும் சேர்ந்து எங்கேயாவது போவார்கள். அதற்கு முந்தின ஞாயிறு, அதே நேரத்துக்கு, அக்காவும் தம்பியும் மட்டும் முழு வழியையும் நடந்து பார்ப்பார்கள். சக்கர நாற்காலி நுழையுமா என்று ஒவ்வொரு கதவையும் டேப் வைத்து அளப்பாள். கழிப்பறையில் கை உலர்த்தும் மெஷின் போடுகிற ஊளை பெரியவர்களையே தூக்கிவாரிப் போடும். அதை அன்று நிறுத்தி வைக்கிறோம் என்று காவலாளி வாயால் சொல்ல வைத்துவிட்டுத்தான் நகர்வாள். தம்பி ஒவ்வொரு தூணிலும் காதை வைப்பான். ஓர் இடத்தைவிட்டு அவன் விலகினால், அங்கே அவளுக்குக் கேட்காத ஏதோ சத்தம் இருக்கிறது என்று அர்த்தம். உடனே அந்த இடம் பட்டியலிலிருந்து போய்விடும். அவன்தான் மேலதிகாரி, அவள் வெறும் குமாஸ்தா.

ஏரிக்கு ஒத்திகை பார்க்கப் போன அன்று நல்ல மூடுபனி. தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே ஆரம்பிக்கிறது என்றே சொல்ல முடியவில்லை. அதன் நடுவே ஐந்து பச்சைப் படகுகள், ஏதோ மறந்துபோன மாதிரி சும்மா மிதந்துகொண்டிருந்தன. அக்காவுக்குத் தான் விழித்திருக்கிறோமா என்றே சந்தேகம் வந்தது. தம்பி படகின் தரைப்பலகையில் படுத்துக் காதை வைத்தான். அடியில் ஓடும் தண்ணீரைக் கேட்டபடி அரைமணி நேரம் அசையவேயில்லை. அவளும் பக்கத்தில் படுத்துக்கொண்டாள். பனி முகத்தில் இறங்கியது. கடை, மின்சாரக் கட்டணம், தனக்குப் பின்னால் இவனுக்கு யார் என்கிற அந்தப் பழைய கவலை, எல்லாம் கரையிலேயே நின்றுவிட்டது.

"நம்ம பிள்ளைங்க வர்றாங்கல்ல, ஜமாய்ச்சிடலாம்க்கா!" என்றார் படகுக்காரர்.

அந்த வாரம்தான் ஒரு தாய் கடைக்கு வந்தாள். ஒன்பது வயது மகள், பேச்சு இல்லை. ஒரு கடையில் வழக்கமாக ஏறும் படிக்கட்டை அடைத்திருந்ததற்காகச் சிறுமி தரையில் படுத்துக் கத்த, சுற்றி நின்றவர்கள் ஃபோனை எடுத்துப் படம்பிடித்திருக்கிறார்கள். அன்றைக்குப் பூட்டிய கதவு. பதினான்கு மாதம் ஆகிறது. மகள் வாசல் தாண்டவில்லை. அக்கா ஏரிக்குக் கூப்பிட்டாள்.

"இந்த ஒரு தடவை வர்றேன். இதுவும் சரிப்படலேன்னா, தயவு பண்ணி என்னை மறுபடி கூப்பிடாதீங்க. ஆசையைக் காட்டி மோசம் பண்றதைவிட வீட்டுக்குள்ளயே கிடக்கலாம்" என்றாள்.

அக்கா அன்று மாலையே போய் அவர்கள் வீட்டுக் கதவைப் படமெடுத்து வந்து, ஏழாவது கட்டத்தில் ஒட்டினாள்.

அந்த ஞாயிறும் பனி இருந்தது. சக்கர நாற்காலிகள், காது மூடிகள், தோளில் உட்கார்ந்த பிள்ளைகள், ஆளுக்கொரு தாள். சிறுமி பஸ்ஸில் ஏறியதும் முதல் கட்டத்தில் கட்டைவிரலை அழுத்தினாள். ஏரிப் பூங்கா வாசல் வந்தது, அழுத்தினாள். மரப்பாதை, லைஃப் ஜாக்கெட், ஒவ்வொன்றும் தாளில் உள்ளபடியே வந்தது. தாயின் தோள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவதைப் பின்னால் வந்த அக்கா பார்த்தாள். அடுத்தது ஐந்தாவது கட்டம், பச்சைப் படகு.

துறையில் ஐந்து படகுகள் நின்றன. ஐந்தும் பளீரென்று மஞ்சள்.

"எப்படிக்கா?" படகுக்காரர் வாயெல்லாம் பல்லாக நின்றார். "நம்ம பிள்ளைங்க வர்றப்ப பழசா இருந்தா நல்லாவா இருக்கும்? மூணு நாள் வேலை! கடைசிப் படகுக்கு இப்பதான் விளிம்பு அடிச்சேன்."

அக்கா கையிலிருந்த தாளின் ஐந்தாவது கட்டத்தைப் பார்த்தாள். திட்டவா முடியும்? பாவி மனுஷன், அன்பாலல்லவா கெடுத்து வைத்திருக்கிறார்!

மற்ற பிள்ளைகள் சமாளித்துக்கொண்டார்கள், அவர்களுக்குப் பழக்கம் உண்டு. சிறுமி தாளைப் பார்த்தாள், படகைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள். பச்சையைத் தேடித் துறையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். பிறகு பலகையில் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டாள். ஒரே சுரத்தில் ஒரு குரல் கிளம்பி ஏரிமேல் நீளமாகப் போயிற்று.

"நான் அப்பவே சொன்னேன்ல" என்றாள் தாய். பையைத் தோளில் மாட்டினாள்.

"தப்பு என்மேலதாம்மா" என்றாள் அக்கா. படத்தில் இருக்கிற மாதிரியே உலகம் இருக்கும் என்று பதினொரு வருடமாக எல்லோருக்கும் வாக்குக் கொடுத்துவந்தவள் அவள். உலகம் என்ன அவளைக் கேட்டுக்கொண்டா வண்ணம் மாற்றுகிறது?

அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஏதாவது ஒரு பிள்ளை இப்படி உட்கார்ந்துவிட்டால், யாரும் ஓடி வர மாட்டார்கள், 'என்னாச்சு' என்று கேட்க மாட்டார்கள். எல்லோரும் முதுகைத் திருப்பிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிடுவார்கள். தாய் எப்போதும்போல முகங்களையும் ஃபோன்களையும் எதிர்பார்த்துத் திரும்பினாள். முதுகுகள்தான் இருந்தன. பத்தொன்பது வீட்டு முதுகும் மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் ஒவ்வொரு முதுகாகப் பார்த்தாள். பிறகு பையை இறக்கி வைத்தாள்.

படகுக்காரருக்கும் அந்த வழக்கம் தெரியாது. என்ன பிழை செய்தோம் என்று பாதி புரிந்து, பாதி புரியாமல், சிறுமிக்கு இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்து மடியில் கிடந்த தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். விரலெல்லாம் ஈர மஞ்சள்.

பனி மெல்ல நகர்ந்தது. சிறுமியின் குரல் தேய்ந்து நின்றது. அவள் அந்தக் கைகளைப் பார்த்தாள். பின் படகை. சட்டென்று எட்டி, படகுக்காரரின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். பேச்சில்லாத பிள்ளைகள் வேண்டியதை அடுத்தவர் கையைக் கொண்டுதான் எடுப்பார்கள், அக்காவுக்கு அது தெரியும். ஆனால் இது என்ன? அவருடைய ஆள்காட்டி விரலைத் தாளின் ஐந்தாவது கட்டத்தில் வைத்து, இப்படியும் அப்படியும் தேய்த்தாள். பச்சைப் படகு மறையும்வரை தேய்த்தாள்.

தாளைத் தூக்கிப் படகோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். கட்டைவிரலை அழுத்தினாள். எழுந்து போய்ப் படகில் ஏறினாள்.

தாய் செருப்பைக்கூட விட்டுவிட்டுப் பின்னால் ஓடி ஏறினாள். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு தேம்பினாள். 'நான் எத்தனை வருஷமா படம் போடறேன், திருத்தலாம்னு எனக்குத் தோணவே இல்லையே' என்று தம்பியிடம் சொன்னாள். அவன் துறைப் பலகையில் படுத்துத் தண்ணீரைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

படகுக்காரர் துடுப்பைப் போட, படகு பனிக்குள் போய் மறைந்தது. துடுப்புச் சத்தம் மட்டும் வந்தது, பிறகு அதுவும் இல்லை. அரைமணி கழித்து மஞ்சளாக ஏதோ தெரிந்து, மெதுவாகப் படகாயிற்று. சிறுமி ஜாக்கெட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, ஆறாவது கட்டத்தைப் பார்த்து, மரத்தடிப் பழச்சாறுக்குப் போகும் பிள்ளைகளின் வரிசையில் போய் நின்றுகொண்டாள். அம்மாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அம்மா இறங்கவில்லை. படகின் மூலையில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்திருக்க, அடித்துப்போட்ட மாதிரி தூங்கிக்கொண்டிருந்தாள். விளிம்பு மஞ்சள் சேலையெல்லாம் ஒட்டியிருந்தது.

"நடு ஏரியிலயே கண்ணசந்துட்டாங்க" என்று கிசுகிசுத்தார் படகுக்காரர். "அடுத்த ட்ரிப்புக்கு ஆள் நிக்குது. எழுப்பட்டுமா?"

"எழுப்பினீங்கன்னா உங்களை ஏரியில தள்ளிடுவேன்" என்றாள் அக்கா. "தூங்கட்டும். பொண்ணை நாங்க பாத்துக்கறோம்."